நிலா பார்க்கும் உபகமிட்டி

சாரல்பேரிப் பஞ்சாயத்து போர்டுக்குப் பணம் போதவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போர்டு என்று ஒன்று இருந்தால் அதற்குப் பணம் போதாமல் இருப்பதுதான் முறை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, பஸ் நிற்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நிற்காமல் போகிற ஊர் சாரல்பேரி. அதுவும் அந்த முறையை வருஷா வருஷம் வழுவாமல் கடைப்பிடித்து வந்தது. ஆனால் நயா பைசா வந்து எல்லோரையும் குழப்பிய அந்த வருஷம், பட்ஜெட்டில் விழுந்த துண்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.

அதற்குக் காரணம் ஒரு வரவேற்பு வளைவு. முந்தின சீசனில் மந்திரி ஒருவர் அருவியில் குளிக்க வருகிறார் என்று கேள்விப்பட்டு, ஊர் எல்லையில் சிமெண்டில் வளைவு கட்டினார்கள். சுற்று வட்டாரத்தில் அப்போது வளைவு கட்டாத போர்டை யாரும் மதிப்பதில்லை. மந்திரி வந்தார், குளித்தார், வேறு ரோடு வழியாகத் திரும்பிப் போனார். வளைவு மட்டும் நின்றது. குரங்குகள் அதன்மேல் உட்கார்ந்து ‘நல்வரவு’ என்ற எழுத்துகளைப் பெயர்க்க ஆரம்பித்ததால் அதற்கு ஒரு காவல்காரரையும் போட வேண்டியதாயிற்று.

ஆகவே பங்குனி மாதத்தில் போர்டின் அவசரக் கூட்டம் கூடியது.

“வீட்டு வரியைக் கூட்டுனா அடுத்த எலெக்‌ஷன்ல நம்மள விரட்டிருவானுவ,” என்றார் தலைவர் சங்கரபாண்டி. ரைஸ் மில் முதலாளி. மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர், போர்டு ஹாலிலும் அதே சத்தத்தில்தான் பேசுவார். “செலவைக் குறைச்சாலும் விரட்டிருவானுவ. இதுல எது கொஞ்சம் மெதுவா விரட்டும்னு பாத்துச் சொல்லுங்க, ஆபீசர்.”

நிர்வாக அதிகாரி பிச்சுமணி எழுந்து நின்றார். காப்பி வேண்டும் என்றால்கூட ‘காப்பி தொடர்பாக’ என்று ஆரம்பிக்கிற மனுஷர் அவர்.

“வரியைக் கூட்டாமல் கூட்டுவதும், சேவையைக் குறைக்காமல் குறைப்பதும் நிர்வாகத்துக்குப் புதிதல்ல. மேன்மை தங்கிய போர்டு முதலில் எந்தச் சேவையை ஆராயப் பிரியப்படுகிறது?”

மேன்மை தங்கிய போர்டு எல்லாவற்றையும் ஆராய்ந்தது. துப்புரவைக் குறைக்க முடியாது, கோயில் திருவிழா வருகிறது. பொது ரேடியோவை நிறுத்த முடியாது. அது பாதுகாப்புக் கருதித் தலைவர் வீட்டிலேயே வைக்கப்பட்டு, அவர் குடும்பத்தாரால் பொறுப்புடன் கேட்கப்பட்டு வருகிறது. வளைவுக் காவல்காரரை நீக்கலாமே என்று யாரோ சொன்னபோது, மேலத்தெரு மெம்பர் கடற்கரை தொண்டையைக் கனைத்தார். காவல்காரர் அவருடைய மச்சினன்.

கடைசியில் மிஞ்சியது தெருவிளக்கு. தெருவிளக்குக்கு மச்சினன் கிடையாது.

இதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த பள்ளத்தெரு மெம்பர் ஒலி முகம்மது நாற்காலி நுனிக்கு வந்தார். கைலிக் கடை வைத்திருக்கிற சாது மனுஷர். மெம்பர் ஆனதிலிருந்து எதிலும் தலையிட்டதில்லை. ஆனால் அவர் தெரு முடிகிற இடத்தில் ஓடை. ஓடைக்கு மேலே பனந்தடிப் பாலம். பாலத்தின் ஓரத்தில் சீமெண்ணெய் விளக்குக் கம்பம் ஒன்று. ஓடைக்கு அக்கரையில் போர்டு மருத்துவச்சி தங்கபுஷ்பத்தின் வீடு. ஒலி முகம்மதுவின் மகள் நூர்நிஷா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நாள் குறித்திருப்பது ஆனி கடைசியில், சாரல் அடித்து ஓடை பொங்குகிற நேரத்தில்.

தங்கபுஷ்பம் முன்பே கறாராகச் சொல்லிவிட்டாள். போன ஆடியில் அவள் அந்தப் பனந்தடியில் சறுக்கி, மருந்துப் பையோடு ஓடையில் விழுந்தவள்.

“ஒரு கையில பை, ஒரு கையில குடை. அரிக்கேனைப் பிடிக்க எனக்கு மூணாவது கை இல்ல, மெம்பர் அண்ணாச்சி. வேற ஆளு பிடிச்சா அது அந்த ஆளு காலைத்தான் காட்டுது. கம்பத்து விளக்கு எரிஞ்சா பாலத்துல ஏறுவேன். எரியலைன்னா உங்க மகளை இங்கன தூக்கிட்டு வாங்க.”

அந்த விளக்குக்குத்தான் இப்போது ஆபத்து.

பிச்சுமணி பழைய உத்தரவு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். நிலவு உள்ள இரவுகளில் தெருவிளக்கு எரிக்க வேண்டியதில்லை என்று எந்தத் துரையோ எந்தக் காலத்திலோ போட்ட உத்தரவு. அதைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், அமாவாசையை ஒட்டிய சில இரவுகள் போக மற்ற இரவெல்லாம் நிலவு உள்ள இரவுதான். பாதி ராத்திரிக்குப் பிறகு உதித்தாலும் நிலவு நிலவுதானே?

“சாரல் காலத்துல நிலா எங்கங்க இருக்கு?” என்று ஒலி முகம்மது முதல் தடவையாகப் போர்டில் வாயைத் திறந்தார். “மூணு மாசம் மேகமால்லா கெடக்கு!”

“நிலா உதித்ததா?” என்று கேட்டார் பிச்சுமணி.

“உதிக்கத்தான் செய்யுது.”

“உதித்ததோடு போர்டின் பொறுப்பு தீர்ந்தது. அதை மேகம் மறைத்தால், அது மேகத்துக்கும் பொதுமக்களுக்கும் உள்ள தகராறு. மேகம் நம் எல்லைக்கு உட்பட்டதல்ல. மேற்கேயிருந்து வருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரள சர்க்காரைத்தான் கேட்க வேண்டும்.”

போர்டு மூக்கில் விரல் வைத்தது. ஒலி முகம்மதுவுக்கோ மகள் முகம் கண்ணுக்குள் நின்றது. வீட்டில் மனைவி சைதூன் பீவி, விளக்குக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்குள் வரவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். விட்டால் போச்சு என்று அவர் எழுந்தார்.

“எங்க ஆளுக இதுல கரெக்டு. நோன்புப் பெருநாளானாலும் சரி, கண்ணால கண்டாத்தான் பிறை. காணாத பிறை பிறையே இல்ல. பஞ்சாங்கத்துல இருந்தா போதுமா? கண்ணால பாக்கணும். நிலா தெரிஞ்சா விளக்கு வேண்டாம். தெரியலைன்னா ஏத்தணும். இதுதான் நியாயம்!”

சங்கரபாண்டிக்கு இது பிடித்துவிட்டது. விளக்கை நிறுத்தினோம் என்ற பழியும் இல்லை, எரித்தோம் என்ற செலவும் இல்லை. பிச்சுமணிக்கோ முகமெல்லாம் பூரித்தது. அவர் சர்வீஸில் எத்தனையோ கமிட்டியைக் கண்டிருக்கிறார், ஆகாயத்துக்கென்று ஒரு கமிட்டி இதுதான் முதல் தடவை. அங்கேயே ‘நிலா பார்க்கும் உபகமிட்டி’ ஏகமனதாக அமைக்கப்பட்டது. கண்ணால் காண்பதில் பரம்பரை அனுபவம் உள்ளவர் என்ற முறையில் ஒலி முகம்மது அதற்குத் தலைவர். கடற்கரை அங்கத்தினர். பிச்சுமணி காரியதரிசி.

ஒலி முகம்மது அன்று வீட்டுக்குப் பாதி ஓட்டமாகப் போனார்.

“இனி கவலை இல்ல. சாரல் நேரத்துல நிலா எங்க தெரியப் போவுது? தெரியலைன்னு நான் சொல்லணும், விளக்கு எரியணும். அம்புட்டுத்தான்.”

“நீங்க தலைவருன்னா எனக்குக் கவலை கூடத்தான் செய்யுது,” என்றாள் சைதூன் பீவி.

அவள் சொன்னது சித்திரையிலேயே பலித்துவிட்டது. நிலா தெரியவில்லை என்று சும்மா சொல்லிவிட முடியாதாம். பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டுமாம். தெருவில் நின்று பார்த்தால் தென்னை மரம் மறைக்கிறது. எனவே ஊருக்கு மேற்கே இருக்கிற பொத்தை மேல் ஏறிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சின்னக் குன்றுதான், ஆனால் பாறையெல்லாம் பாசி. அந்தி மயங்கிய நேரத்தில் மூன்று பெரிய மனுஷர்கள் அதில் ஏறுவதென்றால் வெளிச்சம் வேண்டாமா? உபகமிட்டிக்கு ஒரு பெட்ரோமாக்ஸ் வாங்கப்பட்டது. தெருவிளக்குகளில் மிச்சமான சீமெண்ணெய் முழுக்க அதற்குப் போயிற்று. போதாமல் கடனுக்கும் வாங்கினார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கண் கூசுவதால் பக்கத்தில் நிலா இருந்தாலும் தெரியாது என்று ஒலி முகம்மது சொன்னார். அதனால் அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தெருவிளக்கு ஏற்றுகிற மாடக்கண்ணுவுக்கு ஏற்ற விளக்கு இல்லாமல் கை சும்மா இருந்தது. அவனையே போட்டார்கள். பிறகு சாரலுக்குக் குடை, குளிருக்குச் சுக்குக் காப்பி.

தேய்பிறையில் விஷயம் இன்னும் சிக்கலாயிற்று. நிலா உதிக்கிற நேரம் வரும்வரை அது தெரியுமா தெரியாதா என்று எப்படித் தெரியும்? தெரியாமல் விளக்கை எப்படி ஏற்றுவது? எனவே நிலாவும் இல்லாமல் விளக்கும் இல்லாமல் ஊர் காத்திருந்தது. காத்திருக்கும் நேரத்துக்கு ‘பரிசீலனை நேரம்’ என்று பிச்சுமணி பெயர் வைத்தார். பெயர் வைத்தபின் இருட்டு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை என்று போர்டு தலைவர் அபிப்பிராயப்பட்டார்.

ஆனியில் குற்றாலத்துக்குச் சீசன் கூட்டம் வந்து இறங்கியது. மதராஸ்காரர்கள் எல்லோர் மூக்கிலும் கறுப்புக் கண்ணாடி. அருவியில் குளிக்கும்போதுகூடச் சிலர் கழற்றவில்லை. நாலு நாளில் அந்த நாகரிகம் சாரல்பேரிக்கும் வந்து சேர்ந்தது. கடற்கரை ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார். காலையில் பல் விளக்கும்போது மாட்டினால் ராத்திரி படுக்கும்போதுதான் கழற்றுவார். பொத்தை மேலும் அதோடுதான் வந்தார்.

“என்னவே இது? நிலா பாக்க வந்த இடத்துல கறுப்புக் கண்ணாடியா?” என்றார் ஒலி முகம்மது.

“கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு, பாத்துக்கிடும்.”

“நிலாவே குளிர்ச்சிதானவே!”

“அது தெரிஞ்சால்லா!”

கண்ணாடி போட்ட கண் கண்தானா என்று பிச்சுமணி ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். இன்னும் பதில் வரவில்லை.

இத்தனை செலவையும் எப்படி ஈடுகட்டுவது? வரியைக் கூட்டவே மாட்டோம் என்று சங்கரபாண்டி சந்தை மேட்டில் சத்தியம் பண்ணியிருந்தார். அவர் சொன்ன வாக்குத் தவறவில்லை. வரி அப்படியே இருந்தது. அதோடு ‘நிலவொளிப் பராமரிப்புக் கட்டணம்’ என்று மட்டும் ஒன்று சேர்ந்துகொண்டது. நிலவொளி இலவசமாக வருகிறது என்று மக்கள் இதுகாறும் நினைத்திருந்தது தவறு, அது தக்க அதிகாரிகளால் நேரில் கண்காணிக்கப்பட்டு வழங்கப்படுகிறது என்று தண்டோரா போட்டார்கள்.

ஆனி வளர்பிறையில் ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். மேகம் கூரைமேல் இறங்கி நின்றது. உபகமிட்டி பொத்தை உச்சியில் குடை பிடித்து நின்றது. ஓடைப் பக்கமிருந்து ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டு, பெட்ரோமாக்ஸைப் பாறையில் வைத்துவிட்டுக் கீழே போன மாடக்கண்ணு, மூச்சிரைக்க ஏறி வந்தான்.

“முதலாளி! உங்க மகளுக்கு வலி கண்டுட்டு. நர்சம்மா அக்கரையில வந்து நிக்கா. ஓடைத் தண்ணி பனந்தடியைத் தொட்டுக்கிட்டு ஓடுது. விளக்கைப் போடுங்க, வாரேங்கா. வீட்டுல ஆச்சி உங்களை வையுதாக. என்னத்த வையுதாகன்னு நான் சொல்ல மாட்டேன்.”

ஒலி முகம்மது குடையை விலக்கினார். அண்ணாந்து பார்த்தார். வானம் முழுக்க இருட்டு.

“நிலா தெரியல! எழுதுங்க ஆபீசர், நிலா தெரியல! ஏலே மாடக்கண்ணு, ஓடு, விளக்கை ஏத்து!”

“சற்றுப் பொறுங்கள்,” என்றார் பிச்சுமணி. “தீர்மானம் பூர்த்தியாகட்டும். அங்கத்தினர் கடற்கரை?”

“தெரியல,” என்றார் கடற்கரை, கறுப்புக் கண்ணாடி வழியாக.

“காரியதரிசியாகிய நானும்...” என்று பிச்சுமணி தலையை நிமிர்த்தினார்.

சாரல் தொடங்கியதிலிருந்து முகம் காட்டாத நிலா அப்போதுதான் இரண்டு மேகத்துக்கு நடுவே வந்து பளிச்சென்று நின்றது. வட்டம் நிறையக் கொஞ்சமே பாக்கி. எதிரில் இருந்த பாறைகூட வெள்ளையாகத் தெரிந்தது.

ஒலி முகம்மது அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கண்ட பிறையைக் காணவில்லை என்று சொன்னதாக அவர் வம்சத்தில் எவரும் கிடையாது. அதைச் சொல்லித்தானே இந்தக் கமிட்டியையே வாங்கினார்! அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“தலைவர் அவர்கள் கண்டார்களா?” என்றார் பிச்சுமணி.

“கண்டேன்,” என்றார் ஒலி முகம்மது. “கண்டேன், கண்டேன். நல்லா எழுதிக்கிடும். நிலாவுக்கு என்னவே, அது பிள்ளை பெறப் போவுதா?”

சொல்லிவிட்டு, பாறைமேல் இருந்த பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு பாசிப் பாறையில் ஓடத் தொடங்கினார். மாடக்கண்ணு பின்னாலேயே ஓடினான். உபகமிட்டியின் மிச்சம் இரண்டு பேரும் நிலா வெளிச்சத்தில் நின்றார்கள். நிலா உடனே மேகத்துக்குள் போய்விட்டதால், அவர்கள் உட்கார்ந்தபடியே தவழ்ந்து இறங்க வேண்டியதாயிற்று.

பனந்தடியின் ஒரு முனையில் பெட்ரோமாக்ஸை உயரத் தூக்கிப் பிடித்தபடி மெம்பர் நின்றார். தங்கபுஷ்பம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பையும் குடையுமாக நடந்து வந்தாள். அவள் இக்கரையில் கால் வைத்ததும் ஒலி முகம்மது அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். இரவு இஷா தொழுகைக்கு முன்னால் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் சுகம். சைதூன் பீவி அவரை வீட்டுக்குள் வரவும் அனுமதித்தாள்.

மறு வாரமே போர்டிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நிலவு முறைப்படி காணப்பட்ட ஓர் இரவில், கமிட்டியின் வெளிச்சத்தைச் சொந்தப் பிரசவத்துக்கு உபயோகித்தது ஏன்?

“நான் ஓடைக்கு வரும்போது நிலா இல்ல வே,” என்று ஒலி முகம்மது போர்டில் கத்தினார்.

“ஒருமுறை காணப்பட்ட நிலா விடியும்வரை காணப்பட்டதாகவே கருதப்படும்,” என்றார் பிச்சுமணி.

இந்தச் செய்தி ஊரில் பரவி, கொஞ்சம் கொந்தளிப்பும் உண்டாயிற்று. விளக்கு வேண்டும் என்று ஜனங்கள் போர்டு வாசலில் கூடினார்கள். சங்கரபாண்டி ஜனநாயகவாதி. மக்களையே கேட்டுவிடுவோம் என்று சொல்லி, போர்டு மைதானத்தில் பொதுக்கூட்டம் போட்டார். தலைவருக்கு மில்லில் வேலை இருந்ததால் கூட்டம் ஆரம்பிக்கும்போதே நன்றாக இருட்டிவிட்டது. பெட்ரோமாக்ஸை எடுத்துக்கொண்டு கடற்கரை பொத்தைக்குப் போயிருந்தார்.

“விளக்கு வேணுமா?” என்று இருட்டுக்குள்ளிருந்து சங்கரபாண்டி குரல் கேட்டது.

“வேணும்!” ஊரே அதிர்ந்தது.

“நல்லது. எல்லாத் தெருவுலயும் விளக்கு எரியும். அதுக்கு வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்டணும். கட்ட சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

கூட்டத்தின் நடுவில் நின்ற ஒலி முகம்மது யோசித்தார். விளக்கு அவசியம்தான். இல்லை என்று சொல்லவே முடியாது. அவர் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். ஆனால் பேத்தி பிறந்தாகிவிட்டது. மகளும் நாற்பது நாள் முடிந்து புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். இத்தனை பெரிய கூட்டத்தில் அத்தனை பேரும் எப்படியும் கையைத் தூக்கத்தான் போகிறார்கள். ஒரு கை குறைந்தால் இந்த இருட்டில் யாருக்குத் தெரியும்? அவருடைய கை கைலி மடிப்புக்குள்ளேயே இருந்தது.

அவருக்கு முன்னால் நின்றவர் நினைத்ததும் அதுதான். பின்னால் நின்றவர் நினைத்ததும் அதேதான்.

எத்தனை கை என்று எண்ண முடியாமல் தலைவர் தடுமாறினார். பிச்சுமணி உதவிக்கு வந்தார். “மேகம் மறைத்தாலும் நிலா இருப்பதாகக் கொள்கிறோம். அந்த முன்மாதிரிப்படி, இருட்டு மறைத்தாலும் கைகள் தூக்கப்பட்டிருப்பதாகவே கொள்ள வேண்டும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது!”

மறுநாள் காலையில் டீக்கடையில் ஒரே ரகளை.

“கையைத் தூக்குன களவாணிப் பய எவம்லே?” என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். ஒருவரும் தூக்கவில்லையாம். ஒலி முகம்மதுவும் மேஜையைத் தட்டிக் கேட்டார்.

“நான் ரெண்டு கையையும் தூக்குனேன்,” என்றான் மாடக்கண்ணு, டீயை ஆற்றிக்கொண்டே.

“ஏலே, ஒனக்கு வீடே கெடையாதே!”

“அதான் ரெண்டு கையும் ஃப்ரீயா இருந்துச்சி.”

வீடில்லாதவன் தூக்கிய கை செல்லாது என்று ஊரே திரண்டு போர்டுக்கு ஊர்வலம் போனது. முன் வரிசையில் ஒலி முகம்மது. தமது வார்டு மக்களின் உணர்ச்சியை மதித்து அவர் அன்று ஆவேசமாகப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் போர்டு மக்கள் தீர்ப்புக்குத் தலைவணங்கியது. வரி உயர்வு ரத்து. அதைச் சார்ந்த தெருவிளக்குத் திட்டமும் ரத்து. நிலா பார்க்கும் உபகமிட்டி நிரந்தரமாக்கப்பட்டது. அதன் கட்டணம் வரி அல்ல என்பதால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெற்றி என்றால் அப்படி ஒரு வெற்றி! ஒலி முகம்மது கழுத்தில் மாலை போட்டு, கொட்டு மேளத்தோடு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பஞ்சாங்கப்படி அன்றைக்கும் நிலா இருந்தது. சாரல் தூறிக்கொண்டே இருந்தது. கோயில் தெருத் திருப்பத்தில் கூட்டத்தில் யாரோ ஒருவர் ‘தொப்’பென்று சாக்கடைக்குள் போனார். அவரைத் தூக்கப் போன இன்னொருவரும் விழுந்தார். மேளம் நின்றது.

“ஊராடா இது?” என்று சாக்கடைக்குள்ளிருந்து ஒரு குரல் அலறியது. “ஒரு விளக்குப் போட வக்கில்லாத போர்டெல்லாம் ஒரு போர்டா?”

“அதானே!” என்றது அத்தனை கூட்டமும். அதில் மாலை போட்டிருந்தவருடைய குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.